தாழ்ப்பாள் கேட்ட குற்றம்

அனுப்புநர்:
இளையோர் உரிமைக் குழுவின் தன்னார்வத் தொண்டர்
(பிழைப்புக்கு: மூக்குக்கண்ணாடிக் கடை விற்பனையாளர்),
சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் மாடி,
பேருந்துப் பணிமனைச் சாலை.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: பள்ளி இறுதியாண்டு மாணவி ஒருவர் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டது – விசாரணையில் அவரைப் பேசவிடாமல் அவருடைய மனு முடித்து வைக்கப்பட்டது – பொதுத்தேர்வுப் பெயர்ப் பதிவு நாளையுடன் முடிவது – மறுவிசாரணை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மாணவி தம் கையால் எழுதி அளித்த மனுவும், அதன் மீது தங்கள் அலுவலகம் பிறப்பித்த ஒற்றைப் பத்தி ஆணையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அறை வாசலில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, உட்கார முடியாமல் எழுந்து, மறுபடி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து அங்கங்கே ஆடியிருந்தால் பொறுத்தருள வேண்டும். பெஞ்சுக்கு ஒரு கால் கட்டை. மீதி ஆட்டம் என்னுடையது.

1. முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன், காரணகாரியம் பின்னால் வரட்டும். பதினேழு வயதான மேற்படி மாணவியின் பெயர் நாளை மாலைக்குள் பதிவாகவில்லை என்றால் இந்த ஆண்டு அவருக்குப் பொதுத்தேர்வு இல்லை. பதிவைப் பள்ளி மூலமாகத்தான் செய்ய முடியும். பள்ளியோ அவரை வெளியே அனுப்பிவிட்டது. அடுத்த ஆண்டு எழுதிக்கொண்டால் போகிறது என்று தங்கள் அலுவலகத்திலேயே எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர் தம் சித்தப்பாவின் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி மடித்துக்கொண்டிருப்பார். அங்கே சொல்லி வைத்தாகிவிட்டது, முதல் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். "ஒரு வருஷம் மட்டும்" என்று இப்படி வேலைக்குப் போன பிள்ளைகளை எங்கள் குழுவில் நிறையப் பார்த்தாயிற்று. அவர்களில் ஒருவரும் திரும்பி வந்து புத்தகத்தைத் தொட்டதில்லை.

2. நான் யார், இதில் எனக்கென்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். கேட்காத ஆளில்லை, என் கணவரே வாரம் ஒரு முறை கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கடை மாடியில் பதினான்கிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் கூடுகிறார்கள். நூலகத்துக்குப் பெரியவர் துணையில்லாமல் போகலாமா, பள்ளி விதிகளை மாற்றும்போது மாணவரைக் கேட்க வேண்டாமா, பேருந்தில் சீருடை போட்டவர்களைக் கண்டால் ஓட்டுநர் ஏன் நிறுத்தாமல் போகிறார் என்பவை அவர்கள் பேசும் விஷயங்கள். தங்களைப் பற்றிய முடிவில் தங்களையும் கேட்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய மொத்தக் கோரிக்கை. என்னைப் போன்ற பெரியவர்களுக்கு அங்கே கதவு திறப்பது, நாற்காலி போடுவது, சட்டப்படி பெரியவர் கையெழுத்து வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது ஆகியவைதான் வேலை. பிள்ளைகளே வைத்த விதி ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது: அவர்கள் பேச வேண்டிய இடத்தில் பெரியவர்கள் பேசக் கூடாது. மீறினால் அடுத்த வாரம் எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும். எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ரேடியோ அக்கா. தேநீர் நான் எத்தனை முறை போட்டிருப்பேன் என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

3. இப்போது மாணவிக்கு நேர்ந்தது. அவர் படித்த பள்ளியில் பெண்களுக்கான கழிப்பறைகளில் ஒன்றுக்குக்கூடத் தாழ்ப்பாள் இல்லை. இருந்தது, உடைந்தது, மாற்றவில்லை. ஒரு பெண் உள்ளே போனால் இன்னொரு பெண் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துணை கிடைக்காதவர்கள் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க முடியாது என்று தெரிந்தவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வெயில் நாளொன்றில் விளையாட்டு வகுப்பில் ஒரு பெண் மயங்கி விழுந்தபோது ஆசிரியர்கள் அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். தாழ்ப்பாள் வாங்கவில்லை.

4. அந்தப் பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் தினம் ஒரு மாணவர் மேடையேறி "இன்றைய சிந்தனை" சொல்வது வழக்கம். நேர்மையே உயர்வு, உழைப்பே உயர்வு என்று ஏதாவது ஓர் உயர்வைச் சொல்லிவிட்டு இறங்குவார்கள். மாணவியின் முறை வந்தது. அவர் சொன்னதைக் கேட்டவர்கள் பல பேர், எல்லோரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "இன்றைய சிந்தனை. நம்ம பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க கழிப்பறையில ஒண்ணுலகூட தாழ்ப்பாள் இல்லை. போடுற வரைக்கும் நாளைக்கும் இதுதான் சிந்தனை." சொல்லிவிட்டு வணக்கம் வைத்து இறங்கினாராம். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பள்ளியில் பெயரே தாழ்ப்பாள்.

5. தலைமையாசிரியை அவர்களுக்கு இதில் கோபம் வந்தது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கட்டடப் பராமரிப்புக்குக் கேட்டுக் கேட்டு அவரும் சலித்துப் போனவர் என்று கேள்வி. ஆனால் மேலிடத்தில் காட்ட முடியாத கோபத்தைக் கீழே இறக்கிவிட்டார். மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் தங்கள் முறை வரும்போது அதே சிந்தனையைச் சொல்லப் போவதாகப் பேசிக்கொண்டது அவர் காதுக்கு எட்டியது. "கூட்டம் சேர்க்கிறாள்" என்று மாணவியின் தந்தையை வரவழைத்தார். பெண்ணைத் தாமாகவே விரும்பி அழைத்துப் போவதாக எழுதிக் கொடுத்தால் நன்னடத்தைச் சான்றில் "நன்று" என்று போடுவோம், இல்லாவிட்டால் வேறு மாதிரிப் போட வேண்டி வரும் என்று சொல்லப்பட்டது. தந்தை தண்ணீர் லாரி ஓட்டுபவர். லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், ஐயா. இந்தப் பிள்ளைக்கு வாய் இருந்ததே வினையாகிவிட்டது.

6. மாணவி அழுதுகொண்டு உட்காரவில்லை. மாடிக்கு வந்து, ஒரு பிள்ளையிடம் காகிதம் வாங்கி, தங்களுக்குத் தாமே மனு எழுதினார். வார்த்தை திருத்திக் கொடுக்க என் கை துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்த மனு தங்கள் கோப்பில் இருக்கும். அதில் ஒரு சொல்லும் என்னுடையது அல்ல. அதற்குப் பதில் வந்தது, பெற்றோர் அல்லது பொறுப்பான பெரியவர் ஒருவருடன் விசாரணைக்கு வரும்படி. தந்தை வர மறுத்தார். தாயார், "நாங்கல்லாம் தாழ்ப்பாள் வெச்சா படிச்சோம்" என்று கேட்டுவிட்டுச் சோற்றுப் பானையைப் பார்க்கப் போய்விட்டாராம். அதனால் மாணவி என்னைக் கேட்டார். சம்பளப் பிடித்தத்தோடு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன்.

7. விசாரணை நாளன்று தாங்கள் வெளியூர் போயிருந்ததால் தங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் ஐயா நடத்தினார். அறை தங்களுக்குத் தெரிந்ததே. கோப்பு அடுக்குகள் கூரையைத் தொடுகின்றன. மின்விசிறி சுற்றும்போது மேலடுக்குக் காகிதங்கள் படபடக்கின்றன. அழைப்பு மணியின் மேல் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியை அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. எனக்கும் ஒன்று போட்டார்கள். மாணவிக்குப் போடவில்லை. நானும் நின்றேன். "உக்காருங்கம்மா" என்றார் கண்காணிப்பாளர், உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

8. கண்காணிப்பாளர் என்னைப் பார்த்து, "சொல்லுங்கம்மா" என்றார். சொல்ல வேண்டியவர் இவர்தான், தயவுசெய்து இவரைக் கேளுங்கள் என்று நான் பணிவாகவே கூறினேன். அதற்கு அவர் சிரித்தார். "சின்னப் புள்ளைகிட்ட என்னம்மா கேக்குறது? கூட வந்திருக்கீங்கல்ல, நீங்க சொல்லுங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். நாளெல்லாம் வாடிக்கையாளரிடம் பேசிப் பேசியே கண்ணாடி விற்கும் எனக்கு வாயை மூடுவது எவ்வளவு பெரிய வேலை என்று தங்களுக்குத் தெரியாது. மூடிக்கொண்டது விதி என்பதற்காக மட்டும் இல்லை. நான் வாயைத் திறந்தால் அந்த அறையில் அந்தப் பெண் நின்றுகொண்டிருப்பதையே எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

9. அப்போது மாணவி, "சார், நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். கண்காணிப்பாளர் கையை உயர்த்தி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று கண்டித்தார். ஐயா, அந்த நேரத்தில் அந்த அறையில் எந்தப் பெரியவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். என் சும்மாவுக்குக் குறுக்கே பேசியதற்காக அந்தப் பெண் திட்டு வாங்கினார். தலைமையாசிரியை மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அது சரியாகப் படவில்லை என்றே நினைக்கிறேன்.

10. நான்கு நாளில் ஆணை வந்தது. அதை அப்படியே தருகிறேன்: "மனுதாரர் தரப்பில் வந்திருந்த பெரியவர் இருமுறை கேட்டும் எதுவும் கூறவில்லை. எனவே மனுதாரருக்கு மேற்கொண்டு ஆட்சேபணை இல்லை எனக் கருதி மனு முடித்து வைக்கப்படுகிறது." மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பெண் பார்க்கும் இடத்தில் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அரசு ஆணையில் இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் ஒருத்தியின் மௌனத்தை எடுத்து இன்னொருத்தியின் சம்மதமாக எழுதும் கணக்கு எந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று விளங்கவில்லை. கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அடிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் மறுபடி எழுதினாலும் இதையேதான் எழுதுவேன்.

11. அன்றிலிருந்து எனக்கு நின்றால் நிலைகொள்ளவில்லை, உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. கடையில் தூரப் பார்வைக்காரருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடியை மாட்டி அனுப்பினேன். அவர் படியில் தடுக்கித் திரும்பி வந்து சண்டை போட்டார். வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நடக்கிறேன். பால் பொங்கி வழிகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்கிறது. பேசியிருந்தால் அந்தப் பெண் இப்போது வகுப்பில் இருப்பாளோ என்று ஒரு மனம். பேசியிருந்தால் ஆணையில் என் பேச்சுத்தான் இருக்கும், அவள் எங்கே இருப்பாள் என்று இன்னொரு மனம். இரண்டும் மாறி மாறி என்னைப் பந்தாடுகின்றன.

12. ஞாயிற்றுக்கிழமை குழுவிலும் இதே சண்டை. கொள்கையைப் பிடித்துக்கொண்டு தொங்கி ஒரு பெண்ணின் படிப்பைத் தொலைத்துவிட்டோம், விதியைச் சுவரிலிருந்து கிழிக்க வேண்டும் என்று ஒரு கட்சி. அவசரத்துக்கு விதியை மாற்றினால் எல்லாப் பெரியவர்களும் எல்லா நாளும் அவசரம் என்பார்கள் என்று இன்னொரு கட்சி. என்னை யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நானே கேட்டேன், என் மேல் கோபமா என்று. மாணவி யோசித்துவிட்டுச் சொன்னதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்: "நீங்க பேசலைன்னு எனக்குக் கோபம் இல்லக்கா. நீங்க பேசாம இருந்ததைக்கூட அவரு எழுதியிருக்காரு. நான் பேசினதை எழுதல. அதுக்குத்தான் கோபம்."

13. அதற்குப் பிறகு தந்தையைப் பார்க்கப் போனேன். மாணவியைக் கேட்டுக்கொண்டுதான் போனேன். அவர் சரி என்றார், ஆனால் அப்பாவிடம் குரலை உயர்த்தாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். தண்ணீர் நிரப்பும் இடத்தில் வரிசையில் லாரி நின்றது. சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி, தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் படிச்சுப் பாக்கல மேடம். போடுன்னாங்க, போட்டேன்" என்றார். எதிர்த்துப் பேசிய ஓட்டுநர்களுக்கெல்லாம் என்ன ஆனது என்று கம்பெனியில் பார்த்தவராம். பேசாதவன் பிழைத்துக்கொள்வான் என்று வீட்டிலும் அதையே சொல்லி வளர்த்தாராம். மகளுக்கு மட்டும் அது ஏறவில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் குறையா பெருமையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

14. அவருக்குத் தாழ்ப்பாள் விஷயமே முழுதாகத் தெரியாது. மகள் கூட்டத்தில் ஏதோ அதிகப்பிரசங்கித்தனம் செய்தாள் என்று மட்டும்தான் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். நான் விவரம் சொன்னதும் குழாயிலிருந்து வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி பாட்டில் போன மாதிரியே திரும்பி வரும். படிக்கிற மும்முரத்துல மறந்துடுதுன்னு நெனச்சேன்" என்றார். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். அவர் வண்டியில் ஏறி, மறுபடி இறங்கி வந்து, மகள் படிப்பதில் தமக்குத் தடை இல்லை என்றும், எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்குவதாகவும் என்னிடம் இருந்த காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். அது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு மட்டும் அவர் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். பெயர் பதிவானால் சொல்லிக்கொள்கிறேன் என்கிறார்.

15. அந்தக் காகிதத்தோடு தங்கள் அலுவலகத்துக்கு அலையத் தொடங்கினோம். பள்ளியில் கேட்டால் கல்வி அலுவலரிடமிருந்து ஆணை வந்தால் ஒரு நிமிடம் ஆகாது, உடனே பதிந்துவிடுவோம் என்கிறார்கள். இங்கே கேட்டால் முடிந்த மனுவைத் திறக்க முடியாது, புது மனு கொடுங்கள் என்கிறார்கள். புது மனு கொடுத்தால் அது விசாரணைக்கு எடுக்கப்பட மூன்று வாரம் ஆகுமாம். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். ஒரு பிரிவில் பதிவேட்டுக்காரர் விடுப்பு, இன்னொரு பிரிவில் அது எங்கள் இருக்கையின் வேலை இல்லை என்ற பதில். தாங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்டால் "வருவாரு" என்கிறார்கள். எப்போது என்றால் "வரும்போது வருவாரு" என்கிறார்கள். அலுவலக உதவியாளர் மட்டும் இரக்கப்பட்டு, இந்தப் பெஞ்சில் உட்காருங்கள், கார் வந்தால் ஜன்னலில் தெரியும் என்று இடம் காட்டினார். காலையிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கீழே எந்தக் கார் வந்து நின்றாலும் நான் எழுந்து ஓடி எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். மாணவி என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எழுதாத தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அந்த நிதானம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எனக்கு அது பாதி இருந்தால் போதும்.

16. இந்த மனுவை நான் எழுதுவதும் விதிமீறல்தானோ என்று மாணவியிடம் கேட்டேன். நான் கண்ணால் பார்த்ததை எழுதலாம், அவருக்கு வேண்டியதை அவரே கேட்டுக்கொள்வார் என்று எல்லை வகுத்துக் கொடுத்தார். அந்த எல்லைக்குள் நிற்கத்தான் முயன்றிருக்கிறேன். ஆனாலும் பழக்க தோஷம், கோரிக்கைகள் என்று தலைப்பிட்டு நான்கு எழுதிவிட்டேன். படித்துப் பார்த்துவிட்டு அவர் பேனாவை வாங்கி மூன்றை அடித்துவிட்டார். பெயர்ப் பதிவு, கழிப்பறைத் தாழ்ப்பாள், நன்னடத்தைச் சான்று ஆகியவை தம்முடைய கோரிக்கைகளாம். எஞ்சியது ஒன்று:

(1) – அடிக்கப்பட்டது
(2) – அடிக்கப்பட்டது
(3) – அடிக்கப்பட்டது
(4) மாணவியை உட்கார வைத்து, அவர் சொல்வதை அவர் வாயாலேயே கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்து, அதன் பிறகு தங்கள் மனச்சாட்சிப்படி ஆணையிட வேண்டுகிறேன்.

ஆணை எதிராகவே வந்தாலும் அவர் தாங்கிக்கொள்வார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அது பொய். தாங்க மாட்டார். நானும் தாங்க மாட்டேன். ஆனால் கேட்டுவிட்டு மறுத்தார்கள் என்பதற்கும், கேட்காமலே முடித்தார்கள் என்பதற்கும் உள்ள வித்தியாசம் பதினேழு வயதில் நன்றாகவே தெரியும்.

17. இந்த இடத்தில் முறைப்படி முடிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் தங்கள் கார் வந்துவிட்டது. தாங்கள் மாடிப்படி ஏறி எங்களைக் கடந்து அறைக்குள் போனீர்கள். நான் எழுந்திருப்பதற்குள் மாணவி எழுந்து கதவருகே போய்விட்டார். உதவியாளர் அவரைத் தடுத்து, "கூட பெரியவங்க யாரும்மா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். மாணவியும் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தார். என் கால் பாதி எழுந்து நின்றது. "யாருமில்லண்ணே. என் விஷயம்தான், நானே வந்திருக்கேன்" என்றார் மாணவி. உதவியாளர் என்ன நினைத்தாரோ, வழி விட்டு நிற்கிறார். மாணவி இந்தக் காகிதத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார், மேலும் எழுத நேரமில்லை.

ஐயா, இதைத் தாங்கள் வாசிக்கும்போது அந்தப் பெண் தங்கள் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருப்பார். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். கூப்பிட்டாலும் உள்ளே வர மாட்டேன். இந்த மனுவை இந்த வரியோடு கீழே வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, அவரைக் கேளுங்கள்.

இடம்: தங்கள் அறைக்கு வெளியே
நாள்: பெயர்ப் பதிவு முடிவதற்கு முதல் நாள், பிற்பகல்

பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இளையோர் உரிமைக் குழுத் தன்னார்வத் தொண்டர்

இணைப்பு: தந்தையின் கடிதம் ஒன்று. மாணவி, நேரில்.